புறப்படாமை: காசி யாத்திரைப் பஸ்ஸின் முதல் நாள் குறித்து ஓர் ஆய்வு

காசிக்குப் போய்வந்தவர்கள் எழுதிய நூல்களில் கங்கை வருகிறது, விசுவநாதர் வருகிறார், படகுக்காரரோடு பேரம் வருகிறது. மதுரை தமுக்கம் மைதானத்து ஓரத்தில் விடிகாலை 4 மணிக்குக் கிளம்ப வேண்டிய பஸ் 6 மணிக்கும் ஏன் அங்கேயே நின்றது என்ற அடிப்படைக் கேள்வியை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அறிஞர் உலகின் இந்தப் பாராமுகத்தைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வெல்லை: முதல் நாள். ஆய்வுக் கருவிகள்: பேனா, டார்ச், பின்சக்கரத்துக்கு நேர் மேலே வாய்த்த ஒரு சீட்டு.

முதலில் முன்னோடிகள். சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி, ஏறக்குறைய நூறு பேர் கொண்ட கூட்டத்தோடு காசிக்குப் போனவர். 1830 மே 18 இரவு 9 மணிக்குச் சென்னப்பட்டணத்தை விட்டுப் புறப்பட்டதாகத் தம் தெலுங்கு நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அன்றிரவு அவர் போய்ச் சேர்ந்த இடம் தண்டையார்பேட்டை. அங்கே இருந்தது அவருடைய சொந்தத் தோட்டம். பதினைந்து மாதப் பயணத்தின் முதல் நாள் அதோடு முடிந்தது. ஆனாலும் மனிதர் கெட்டிக்காரர். தங்கியதைத் தங்கியதாக எழுதாமல் புறப்பாடாகப் பதிவுசெய்துவிட்டார்.

இரண்டாமவர் தாமஸ் குக். உலகக் குழுச் சுற்றுலாக்களுக்கெல்லாம் மூலவர் என்று இவரைத்தான் சொல்கிறார்கள். 1841 ஜூலை 5 அன்று தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு, சுமார் 500 பேரை லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் கூட்டிப்போனார். மதுரைக்கும் திருப்புவனத்துக்கும் உள்ள தூரந்தான். போனது மதுவிலக்குக் கூட்டத்துக்கு; அன்றே எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள்.

மூன்றாவது சான்றுக்குக் காசி யாத்திரைச் சடங்கு நடக்கும் எந்தக் கல்யாண மண்டபத்துக்கும் போகலாம். குடை, விசிறி, கைத்தடி சகிதமாக மாப்பிள்ளை காசிக்குக் கிளம்புகிறார். வாசலைத் தாண்டுவதற்குள் பெண்ணின் தகப்பனார் மடக்கிக் கூட்டிவந்துவிடுகிறார்.

ஆக, ஊரைவிட்டுப் போகாமல் இருப்பதே முதல் நாளின் பணி. இதைப் ‘புறப்படாமைக் கோட்பாடு’ என்று இவ்வாய்வு வழங்கும்.

இக்கோட்பாடு மதுரைக்கு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதைச் சாலையை வைத்தே நிறுவலாம். பழைய 7-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வாரணாசியில் தொடங்கி மதுரை வழியாகக் கன்னியாகுமரி வரை 2,369 கி.மீ. ஓடியது. அந்த நாளில் நாட்டிலேயே நீளமான நெடுஞ்சாலை அதுதான். சமயநல்லூர்ப் பக்கம் வண்டியை ஏற்றிவிட்டு நேரே ஓட்டினால் காசியில் போய் நிற்கும். யாத்திரைப் பஸ்ஸோ அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நேர் எதிரே, தென்கிழக்கில், ராமேஸ்வரத்துக்குப் போகிறது. ஏனென்றால் சேதுக்கரையில் மணல் எடுத்து, பிரயாகையில் கரைத்து, கங்கை நீர் கொண்டுவந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் காசி யாத்திரை பூர்த்தியாகும். எனவே முதல் நாள் பூராவும் உழைத்து, காசியிலிருந்து ஏறத்தாழ 170 கி.மீ. விலகி, ராத்திரி திரும்ப மதுரைக்கே வந்துசேர வேண்டும்.

ஆட்களை ஏற்றுவதில் நம் ஊர் உரையாசிரியர் ஒருவரின் முறையே இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மதுரை நச்சினார்க்கினியர், பாட்டின் ஒரு மூலையில் கிடக்கும் சொல்லை இழுத்துவந்து இன்னொரு மூலைச் சொல்லோடு மாட்டுவதில் பேர்போனவர். டூர் ஏஜெண்டும் அவ்வாறே ஆரப்பாளையத்து அண்ணனை எடுத்துத் தெப்பக்குளத்து மதினியோடு கூட்டி, நடுவே திருமங்கலத்திலிருந்து வந்துகொண்டே இருக்கும் ஒரு சம்பந்தி குடும்பத்தை வருவித்து முடிக்கிறார். “எங்கிட்டு இருக்கீக?” “இந்தா, பழங்காநத்தம் வந்துட்டோம்ணே.” இந்த விடை முக்கால் மணி நேரம் மாறாமல் நிற்கிறது (காண்க: கிளீனர் வாய்மொழி, படிக்கட்டு மரபு).

பாண்டி கோயில்: எலுமிச்சம்பழம், சூடம், நசுக்கு. இதில் கருத்து வேறுபாடு இல்லை.

சன்னல் சீட்டு: தனி நூல் வேண்டும், வழக்கு நிலுவையில் இருப்பதால் இங்கே பேசுவதற்கில்லை.

வாந்தி: சிலைமானுக்கு முன், சிலைமானுக்குப் பின் என இருவகைப்படும்.

காலக் கணிப்பு இதைவிடச் சிக்கலானது. சிலைமானைத் தாண்டினால் கீழடி. அங்கே கிடைத்த ஒரு கரித்துண்டை அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, கி.மு. 6-ஆம் நூற்றாண்டு என்று காலம் சொல்லிவிட்டார்கள். பஸ் தமுக்கத்தை விட்டு எத்தனை மணிக்கு எடுத்தது என்பதற்கு மட்டும் இன்றுவரை முடிவில்லை. டிரைவர் ஐந்தே கால் என்கிறார். நோட்டீஸில் நான்கு என்று அச்சாகியிருப்பதால் ஏஜெண்ட் நான்கு என்றே சாதிக்கிறார். மூலபாடத்தை விட்டுக்கொடுக்காத இந்தப் பிடிவாதத்துக்காகவே அவருக்கு ஏதாவதொரு பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்திருக்க வேண்டும். ஏழரை என்பது பெண்கள் வரிசையின் ஒருமித்த கருத்து (ஒப்புநோக்குக: 17-ஆம் சீட்டு ஆத்தாவின் மறுப்புரை, சிலைமான் வளைவு; அதே ஆத்தா தம் மறுப்பைத் தாமே மறுத்தது, திருப்புவனம் கடைவீதி; இரண்டையும் மறுத்து அவருடைய கொழுந்தனார் விட்ட கொட்டாவி, நாள் அதுவே).

இனி ஆய்வின் மையப் பகுதியாகிய தலையெண்ணலுக்கு வருவோம்.

பஸ்ஸில் 44 பேர் என்று வைத்துக்கொள்வோம். மானாமதுரையில் இட்லிக்காக நிறுத்துகிறார்கள். டிக்கியிலிருந்து அண்டா இறங்குகிறது, சாம்பார் வாளி இறங்குகிறது, தட்டு போதாமல் ஒரு சச்சரவும் இறங்குகிறது. திரும்ப ஏறியதும் மேனேஜர் தம்பி எஞ்சின் பெட்டிமேல் ஒரு காலை வைத்து எண்ணத் தொடங்குகிறார்.

“...நாப்பத்திரெண்டு, நாப்பத்திமூணு. ஒராளு கொறையுதே.”

“என்னைய எண்ணுனீகளா தம்பி?”

“எண்ணிட்டேன்த்தா.”

“அப்ப இன்னொருக்கா எண்ணிக்கங்க. எங்க வீட்டுக்காரரு டீ குடிக்கப் போயிருக்காக, அவுகளுக்குச் சேத்து.”

எண்ணும் முறைகளில் மூன்று மரபுகள் உண்டு. கண்ணால் எண்ணுவது பழையது. குனிந்து செருப்புத் தேடுகிறவர்கள் அதில் தப்பிவிடுவார்கள். சீட்டின் தலைப்பகுதியைத் தட்டி எண்ணுவது இடைக்காலத்தது. சீட்டு இருப்பது உறுதிப்படும், ஆள் இருப்பது உறுதிப்படாது. மூன்றாவது நவீனம்: “அவங்கவங்க பக்கத்து ஆளு இருக்காகளான்னு பாத்துக்கங்க.” தர்க்கத்தில் ஓட்டையே இல்லாத முறை இது. ஆனால் பக்கத்துப் பக்கத்து இருவரும் சேர்ந்தே இறங்கிக் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டிருந்தால், இல்லை என்று சொல்ல ஆளிருக்காது. மடிக்குழந்தை ஒன்றா, அரையா, டிக்கெட் எடுக்காததால் சூனியமா என்பது தனித் தலைவலி (காண்க: தாத்தா கட்சி, ‘அரை’, அப்பா கட்சி, ‘சூனியம்’, குழந்தையின் சொந்தக் கருத்து, உரத்த குரலில், மானாமதுரை முதல் பரமக்குடி வரை, இடைவிடாமல்).

இந்தச் சிக்கலுக்கு இலக்கியத் தீர்வு தந்தவர் வீரமாமுனிவர். இத்தாலியிலிருந்து மதுரை மிஷனுக்கு வந்த இந்தப் பாதிரியார் 18-ஆம் நூற்றாண்டில் எழுதிய பரமார்த்த குரு கதையில், குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறியதும் எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஆள் ஐந்துதான், ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டதென்று ஒப்பாரி. வழிப்போக்கன் ஒருவன் காசு வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு அடி போட்டு எண்ணி, கணக்கை நேர்செய்கிறான். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற அந்தச் சீடர்களை வெறும் சிரிப்புக்குப் படைத்தவர்கள் என்று எண்ணுவது பிழை. 2012 ஆகஸ்டில் ஐஸ்லாந்தின் எல்ட்கியா பள்ளத்தாக்கில் ஒரு சுற்றுலாப் பஸ் நின்றது. இறங்கிய பெண்ணொருவர் உடை மாற்றிக்கொண்டு ஏறினார். பழைய உடையோடு ஒருவர் காணவில்லை என்று தேடல் தொடங்கியது. அடையாளம் சொன்னார்கள், அது தாம்தான் என்று அவருக்குப் படவில்லை. தேடும் கூட்டத்தில் அவரும் சேர்ந்துகொண்டார். தம்மைத் தாமே விடியற்காலம் வரை தேடினார்.

தன்னை எண்ண மறக்கும் இந்தப் பிழை நம் ஆய்வுலகில் கிடையாது என்பதையும் இங்கே பதிவுசெய்வது கடமை. பேராசிரியர் ஒருவரின் மேற்கோள் பட்டியலைப் புரட்டினால் அவர் தம்மை ஒரு முறைக்குப் பத்து முறை எண்ணி வைத்திருப்பார். பன்னாட்டுக் கருத்தரங்குகளில் இன்னொரு சிறப்பு: காலையில் ஐந்து நிமிடம் கட்டுரை, பதினோரு மணிக்குச் சான்றிதழ், சாப்பாடு முடிந்ததும் ஊர் சுற்றிக்காட்ட வேன். அந்த வேனில் மட்டும் ஆள் குறைந்ததாக எந்தக் குறிப்பும் இல்லை.

பரமக்குடி, ராமநாதபுரம் வழியில் ஆய்வுக்குப் பொருளில்லை; எல்லோரும் தூங்கினார்கள். பாம்பனில் 1988-இல் திறந்த சாலைப் பாலத்தில் ஏறியதும் விழித்து, சன்னல் வழக்கைப் புதுப்பித்தார்கள். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தம். வாளி வாளியாக ஊற்றியதில் நனைந்த வேட்டியும் சேலையும் சன்னல் கம்பிகளில் தொங்க, பஸ் ஒரு நடமாடும் துணிக்கொடியாகத் திரும்பியது. மணலை மஞ்சப்பையில் முடிந்து சாமான் பலகையில் வைத்தார் ஒருவர். பை ஓட்டை. வழிநெடுக அது கீழ்ச்சீட்டுக்காரரின் வழுக்கைமேல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பிரயாகைக்கு மிஞ்சியது எவ்வளவு என்பது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே.

இரவு பதினொன்றரைக்கு விரகனூர் ரிங் ரோடு. “வீடு பக்கந்தான்ணே, பி.பி. மாத்திரைய மறந்துட்டேன், ஓடிப்போய் எடுத்தாந்துர்றேன்” என்று ஒருவர் இறங்கினார். அவரைப் பார்த்து, கேஸை மூடினோமா என்ற சந்தேகத்தில் இன்னொருவர் இறங்கினார். அரை மணி கழித்து எல்லோரும் ஏறினார்கள். தம்பி எண்ணினார். இந்த முறை தன்னைச் சேர்க்காமல், கண்ணாலும் கையாலும், இருமுறை.

நாற்பத்தைந்து.

விளக்குகளைப் போட்டுப் பார்த்தார்கள். கடைசிச் சீட்டில் அண்டாவுக்குப் பக்கத்தில், தலையில் ஈரத்துண்டோடு ஒரு பெரியவர் கண்ணைத் திறந்தார்.

“ஏந்தம்பி, தேனி வந்துருச்சா?”