கூகுள் டாக்டரும் மருத்துவ நூலகரும்

கேள்வி: கூகுள் கையிலிருக்க, மருத்துவமனைக்கு நூலகர் எதற்கு?

பதில்: தலைவலி என்று தட்டினால் மூளைக்கட்டி வரை கூட்டிப்போய் நடுவழியில் விட்டுவிடும் கூகுள்; திரும்பிவர வழி காட்டுபவர் நூலகர். அமெரிக்காவில் 2003-இல் நடந்த எழுத்தறிவு ஆய்வில், உடல்நலத் தகவலைத் தேர்ச்சியோடு கையாண்ட பெரியவர்கள் வெறும் 12 சதவீதம். அங்கேயே இந்த லட்சணம்! ஆக, பஞ்சம் தகவலுக்கு அல்ல, புரிதலுக்கு. அந்நாட்டின் தேசிய மருத்துவ நூலகம் 1998-இல் மெட்லைன்பிளஸ் இணையதளத்தைத் தொடங்கி, நோய்களை எளிய நடையில், விளம்பரமின்றி விளக்கிவருவது அதனால்தான். நோயாளிக்கான கையேட்டில் ‘தினம் இருவேளை’ என்பதை ‘காலை ஒன்று, இரவு ஒன்று’ என்று திருத்தச் சொல்வதும் நூலகர் பணியே. “அது டாக்டர் வேலையாயிற்றே?” என்பீர்கள். சிகிச்சையை முடிவு செய்வது டாக்டரேதான். ஆனால் வெளியே வரிசை நீளும்போது விளக்க அவருக்கு நேரமேது? நூலகரிடம் தயங்காமல் கேளுங்கள், கேள்விக்குப் பக்கவிளைவு கிடையாது.