ராத்திரி பேக்அப்பின் மனு

பெறுநர்: மெயின்ஃப்ரேம் மையத்தின் உயர்திரு சார்ஜ்பேக் பிரிவு
மனுதாரர்: நள்ளிரவுக்கு மேல் ஓடும் பேக்அப் ஜாப்

ஐயா,

மனுதாரர் திருடர் அல்லர். ஊர் தூங்கும்போது நடமாடுகிறார், அவ்வளவுதான். அவர் உழைத்த சிபியு நேரம் விநாடியில் நூறில் ஒரு பங்குவரை மெயின்ஃப்ரேமின் கணக்கேடான எஸ்எம்எஃப் 30 ரெக்கார்டில் பதிவாகிவிடுகிறது. அதைப் பார்த்துத் தாங்கள் பில் போடுகிறீர்கள். போடுங்கள். ஆனால் அதே ஜாப், அதே டேட்டா, செவ்வாய்க்கு ஒரு கணக்கும் வியாழனுக்கு ஒரு கணக்கும் காட்டுகிறதே? பக்கத்தில் கூட்டம் சேர்ந்தால் ப்ராசசரின் கேஷிலிருந்து இவருடைய சாமான்களை வெளியே தள்ளிவிடுகிறார்கள். திரும்ப எடுத்துவர ஆகும் நேரம் இவர் தலையில். தள்ளியவர் பில்லில் அதற்கு ஒரு காசும் ஏறுவதில்லை.

அடுத்து, எல்லோருடைய ஃபைல்களுக்கும் பேக்அப் எடுக்கும் மென்பொருளான டிஎஃப்எஸ்எம்எஸ்ஹெச்எஸ்எம் படும் பாடு. யாருடைய ஃபைலுக்கு அது பேக்அப் எடுத்தாலும், எஸ்எம்எஃப் 30இல் நேரம் அதன் பெயரிலேயே விழும். பந்தியில் சாப்பிட்டவர்களை விட்டுவிட்டுப் பரிமாறியவரிடம் காசு கேட்கிற கதை. எந்த ஃபைலுக்கு எவ்வளவு நேரம் என்பதை எஃப்எஸ்ஆர் ரெக்கார்டில் அது தனியாக எழுதித் தருகிறது. பிரித்துப் பார்க்கத் தங்களுக்கு நேரமில்லை. (அந்த நேரத்துக்கு யார் பில் போடுவது என்பது தனி மனு.)

ஆனால் உண்மையான வழக்கு ரெக்கவரிதான். ஒரு வேலைநாள் முற்பகலில் டேட்டாபேஸ் கெட்டுப்போகிறது என்று வையுங்கள். மனுதாரர் எடுத்துவைத்த காப்பியை இறக்கி, அதற்குப் பின் நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் லாகிலிருந்து எடுத்து அதன்மேல் ஏற்ற வேண்டும். வழக்கமான வேலையும் கூடவே ஓடும், சிபியு கொதிக்கும். ஐபிஎம்மின் பழைய மாதக் கட்டண முறையில் சிபியு பயன்பாட்டுக்கு நான்கு மணி நேர நகரும் சராசரி என்று ஒன்று உண்டு. 2ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 1ஆம் தேதிவரை அது தொட்ட உச்சம் எதுவோ, மாதம் முழுமைக்கும் அதுவே அளவுகோல். மையத்தை மீட்ட அந்த முற்பகலே உச்சமாகிவிட்டால், தங்கள் பட்டியலில் ரெக்கவரிதான் முதல் குற்றவாளி.

ஐபிஎம்கூட, அந்தக் கட்டணத்துக்காக மாதந்தோறும் வாங்கும் எஸ்சிஆர்டி அறிக்கையில், அசாதாரணமான நேரங்களை விலக்கக் கோரிக் காரணம் எழுத இடம் விட்டிருக்கிறது. தங்கள் பில்லில் காரணத்துக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

1964இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம்/360இன் பேனலில் இரண்டு மீட்டர்கள் இருந்தன. பக்கத்தில் ஒரு சாவி. பழுதுபார்க்க வரும் இன்ஜினியர் சாவியைத் திருப்புவார். வாடிக்கையாளரின் மீட்டர் நின்று, இன்ஜினியரின் மீட்டர் ஓடத் தொடங்கும். வாடகையில் கறாரானவர்கள்கூட ரிப்பேர் நேரத்தைத் தனியாக வைத்திருந்தார்கள்.

மனுதாரர் சாவிகூடக் கேட்கவில்லை. ஜாப் கார்டில் அக்கவுண்ட் கோடு எழுதும் இடத்தில் ரெக்கவரிக்கென்று தனியாக ஒரு கோடு போதும். பதிலை இரவு 1 மணிக்குள் அனுப்பவும். அதற்கு மேல் மனுதாரருக்கு வேலை இருக்கிறது.