கணக்கில் பிசகாத துரைத்தனங்கள்

தில்லித் துரைத்தனமே, கொழும்புத் துரைத்தனமே, உங்கள் கணக்குத் திறமையை நான் மெச்சாத நாளில்லை. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரான எங்கள் தோட்டத் தமிழ்ச் சனத்தின் 9,75,000 உயிர்களைப் பங்கு வைத்தீர்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீந்த 1,50,000 பேரைப் பத்து வருடம் அப்படியே வைத்திருந்து, 1974இல் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டீர்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினைகூட இத்தனை சுத்தமாக நடக்காது. கையெழுத்துக்கு முன் தோட்டத்து லயத்துக் கதவைத் தட்டி, ‘நீ எங்கே இருக்க ஆசைப்படுகிறாய்?’ என்று கேட்டு, கொழுந்து பறித்துக் களைத்தவர்களின் தூக்கத்தையும் கெடுக்கவில்லை.

கொல்கத்தாவின் டாங்ரா பகுதியில் வாழ்ந்த சீனர்கள் பலர் 1962 இந்திய-சீனப் போருக்குப் பிறகு கனடாவுக்கு வழி தேடித் தாங்களாகவே அலைந்தார்கள். எங்கள் சனத்துக்கு அந்தச் சிரமத்தை வைக்கவில்லை நீங்கள். தலைமன்னாரில் கப்பல், மண்டபத்தில் முகாம். அதிலும் சில குடும்பங்களுக்கு இன்னொரு கடலும் தாண்டி, நிக்கோபாரின் கச்சால் தீவு.

இடம் பார்த்த நேர்த்தி இருக்கிறதே! 1956-ஆம் ஆண்டு பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி கச்சால் நிக்கோபாரியப் பழங்குடியினருக்கு உரிய பூமி. அந்தச் சட்டம் நிக்கோபாரியருக்கு அரண். அது இருக்கத்தான் வேண்டும். நாடிழந்து வந்தவனைக் குடிவைக்க, அவன் தன் பெயரில் ஒரு சென்ட் நிலம் வாங்க முடியாத தீவாகப் பார்த்துப் பிடித்த கூர்மை வேறு யாருக்கு வரும்?

வேலையும் பழகிய தோட்ட வேலைதான். இருட்டோடு எழுந்து ரப்பர் மரத்தின் பட்டையை மரத்துக்குக் காயம் படாமல் மெல்லியதாகச் சீவ வேண்டும். பால் கோடு வழியே இறங்கிக் கிண்ணத்தில் சொட்டும். மறுமுறை வெட்டுமுன் கோட்டில் காய்ந்த ஒட்டுப்பாலை விரலால் உரித்தெடுக்க வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் கெட்டுப்போகும் என்று எத்தனை அக்கறையாகச் சொல்லிக்கொடுத்தீர்கள்!

புத்தாயிரத்தின் முதல் சூரியனைப் பார்க்க உகந்த இடம் என்று 2000இல் அதே கச்சாலை ஊருக்கெல்லாம் காட்டினீர்கள்.

2004 டிசம்பர் 26 காலையைப் பற்றிப் புகழ எனக்கு வாய் வரவில்லை. ஆழிப்பேரலையில் மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் ஒன்று கச்சால். 2001 கணக்கெடுப்பில் அங்கே 5,000க்கு மேல் இருந்த மக்கள்தொகை 2011இல் 3,000க்கும் கீழே இறங்கியிருந்தது. போனவர்களில் நிக்கோபாரியரும் உண்டு, எங்கள் சனமும் உண்டு.

கணக்கில் பிசகாதவர்களே, இன்னும் ஒரே ஒரு கணக்கு பாக்கி. நிக்கோபாரியர் நிலத்தில் கை வைக்காமல், வேறொரு தீவிலோ தமிழ்நாட்டிலோ, கச்சாலில் பால் வெட்டிய குடும்பங்களுக்கு ஆளுக்கொரு மனைப்பட்டா எழுதிக் கொடுங்கள். இந்தத் தடவையாவது, எங்கே வேண்டும் என்று அவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.