காசிமேட்டு மீன் வேனில் இறுகிய செல்ஃப் மோட்டாரைக் கழற்றுதல்: ஓர் ஆய்வுக்கான முன்னுரையின் முதற்பகுதி

1912 மாடல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் மின்சார ஸ்டார்ட்டரை, அதாவது நம் செல்ஃப் மோட்டாரை, பொருத்தினார். கழற்றும் பொறுப்பைப் பின்வரும் தலைமுறைகளிடம் விட்டுவிட்டார். நம் வட்டாரத்துக்கும் பொருத்துவோர் மரபு நன்றாகவே வாய்த்திருக்கிறது: 1948-இல் தோன்றிப் பின்னர் அசோக் லேலண்ட் ஆன நிறுவனத்தின் எண்ணூர் ஆலை, திருவொற்றியூரில் என்ஃபீல்டு, சற்றுத் தள்ளிப் பாடியில் 1961 முதல் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கே பேர்போன லூகாஸ் டிவிஎஸ். கழற்றுவோர் மரபோ திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரம், வேனுக்கு அடியில், கோணி விரித்து மல்லாந்து கிடக்கிறது. வரலாற்றாசிரியர் எவரும் அவ்வளவு தாழக் குனிந்ததில்லை.

இறுகுவதற்குக் காரணம் என்ன? முதற்சங்க நூல்களைக் கடல் கொண்டது என்பர். காசிமேட்டில் செல்ஃப் மோட்டார்களையும் கடலே கொள்கிறது. இதற்கு மட்டும் சான்று உண்டு. பல வண்டிகளில் மோட்டாரின் மூக்கு இரும்பு. அது நுழையும் கிளட்ச் ஹவுசிங் பெரும்பாலும் அலுமினியம். மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்பு ஐஸ் தண்ணீர் இரண்டுக்கும் நடுவே புகுந்தால் அங்கே ஒரு குட்டி பேட்டரி உருவாகி அலுமினியத்தை அரிக்கும். அரிபட்டு வரும் வெள்ளைப் பொடி, கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும். இடம் கிடைக்காத பொடி மூக்கை நெரிக்கும். வண்டியின் பேட்டரியில் இல்லாத மின்சாரம் இங்கே இருப்பது குறிப்பிடத்தக்கது.

இனி முறைகள். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றுக. போல்ட்டுகளில் கீழே உள்ளது கண்ணுக்குத் தெரியும். மேலே உள்ளது கைக்கு எட்டும், கண்ணுக்கு எட்டாது. ஆகவே அதை மெய்யியல் துறைக்கு விடுகிறேன்.

ஊறவைத்தல்: டீசல், ஓர் இரவு.

சூடேற்றல்: ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் என்பதால் கொள்கையளவில் மிகச் சிறந்தது. டீசல் டாங்க் பக்கத்திலேயே இருக்கிறது. இவ்வியல் முற்றிற்று.

தட்டல்தான் இவ்வாய்வின் உயிர். ‘செல்ஃபிலக்கணம்’ (இந்நூல் இன்னும் எழுதப்படவில்லை, மேற்கோள் காட்ட அது தடையன்று) தட்டலை அறிந்து தட்டல், ஆத்திரத் தட்டல் என இரண்டாகப் பகுக்கும். முன்னது, மூக்கை ஒட்டிய காதில் மரக்கட்டையை வைத்து, இடமும் வலமுமாகச் சிறுகச் சிறுகத் தட்டி மோட்டாரை அசைய வைப்பது. நேரே இழுத்தால் வராதது திருகினால் வரும். பின்னது மோட்டாரின் வயிற்றிலேயே போடுவது. ஓடு நசுங்கி ஆர்மேச்சரில் உரசும், கழற்றியும் பயனில்லை.

செல்ஃபிலக்கணத்துக்குத் தொலைந்துபோன உரை ஒன்று உண்டு. அவ்வுரையைக் கண்டிக்கும் மறுப்புரை கிடைத்திருக்கிறது, மறுப்பு நீங்கலாக. எஞ்சிய ஏட்டில் சுத்தியலின் எடையைக் கூறும் இடத்தைக் கரையான் தின்றுவிட்டது. அந்த இடத்தில் என்ன இருந்தது என்பதில் அறிஞர்கள் முழு உடன்பாடு கொண்டிருக்கின்றனர்; கரையான் விட்டுவைத்த வரிகளில்தான் சண்டை. ஒரு சாரார் அங்குள்ள எண்ணெய்க் கறையைப் பிற்காலத்து இடைச்செருகல் என்பர். அது பஜ்ஜி எண்ணெய் என்று நான் வாதிட்டதால் இரண்டு கருத்தரங்குகளில் எனக்கு மதியச் சாப்பாடு மறுக்கப்பட்டது.

களத்தரவு வருமாறு:

“தம்பி, பதினேழு குடு.”

“இந்தாணா.”

“இது பத்தொம்போதுடா. டார்ச்ச மோட்டார்ல அடி, என் மூஞ்சில அடிக்காத.”

“டீ சொல்ட்டாணா?”

இதற்குள் மோட்டார் கழன்று மேஸ்திரியின் மார்பில் விழுந்துவிட்டதால் தரவு இங்கே முடிகிறது. மேஸ்திரிக்கு நன்றியுரையின் கடைசி வரியில் இடமுண்டு. வேனையே பார்த்திராத என் நெறியாளரின் பெயர், மரபுப்படி, முதலாசிரியராக அட்டையில் வரும்.

கவலை தரும் செய்தி ஒன்று. கழற்றிய மோட்டாரைத் திரும்ப மாட்டுமுன் மேஸ்திரி ஹவுசிங் வாயை உப்புத்தாளால் தேய்த்தார். பிறகு விரல்நுனியில் கொஞ்சம் கிரீஸ் எடுத்து மூக்கைச் சுற்றித் தடவினார். அப்படித் தடவினால் தண்ணீர் புகாது, அடுத்த முறை கையாலேயே வந்துவிடும் என்றார். இத்துறையில் இருவர் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கும் நிலையில், இப்போக்கை வன்மையாகக் கண்டிக்கிறேன்.