கேபிள் வந்தது, ஆள் கிளம்பு

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் பக்கத்துத் தீவுகளுக்கும் கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள். செலவு 1,224 கோடி ரூபாய். 2020 ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் தொடங்கிவைத்தார். ஊரடங்கு வேறு. சென்னை ஐடி கம்பெனிகளில் வேலை பார்க்கும் தீவுப் பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்? சம்பளம் ஓஎம்ஆரில், சாப்பாடு அம்மா கையால்.

வாழ்வு நீடிக்கவில்லை. 2023 அக்டோபரிலிருந்து வாரம் ஐந்து நாளும் ஆபீஸ் என்றது டிசிஎஸ். மற்ற கம்பெனிகளும் வாரத்துக்கு இத்தனை நாள் என்று கணக்குப் போட்டன. ‘நேரில் வா’ என்ற மெயில் தீவுக்கு வர ஒரு நொடிகூட ஆகவில்லை, புது கேபிள் அல்லவா! கப்பலில் புறப்பட்டால் ஆள் போய்ச்சேர ஏறக்குறைய மூன்று நாள்.

போனால் அங்கே நீளமேசை. இடப்பக்கம் ஒருவர் கிளையண்ட்டிடம் கெஞ்சுகிறார், வலப்பக்கம் ஒருவர் வீட்டுக்கடனுக்கு வட்டி பேசுகிறார். போர்ட் பிளேரில் வெள்ளைக்காரன் 1906இல் கட்டி முடித்த செல்லுலார் சிறையில் ஆளுக்கொரு அறை. ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது. அது தண்டனை. (தியாகிகள் மன்னிக்க.) இங்கே எல்லார் முகமும் தெரிகிறது, இதற்குப் பெயர் ‘கூட்டுழைப்பு’. நடுவில் காவல் கோபுரம் மட்டும் இல்லை. அந்த வேலையை அட்டை தேய்க்கும் கதவு பார்த்துக்கொள்கிறது.

மூன்று நாற்காலி தள்ளியிருக்கும் மேனேஜர் சாட்டில் கேட்கிறார்: “இங்கே ஒரே சத்தம், மீட்டிங் ரூம் கிடைக்குமா?”

வியாழன்வரை காலி இல்லை.