காப்பிக்காரன் சாயா குடித்த ஊர்

இன்றைக்குத் திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் வந்து இறங்குகிற பிள்ளைகளிடம், இங்கே ஒரு காலத்தில் சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே, கொல்லத்துப் பக்கமிருந்து வருகிற பஸ் வளைவு திரும்பும் முன்பே ஹாரனை வைத்து அது இன்ன பஸ், ஓட்டுகிறவர் இன்னார் என்று சொல்லிவிடக்கூடிய பெரியவர்கள் இருந்தார்கள் என்றால் நம்பமாட்டார்கள்; நம்பினாலும், அதற்கு ஏதாவது செயலி வைத்திருந்தார்களா என்று கேட்பார்கள். அப்போது அது 47-ஆம் எண் நெடுஞ்சாலை. பிறகு எண் 66 ஆயிற்று. 2022-இல் ஊரின் தலைக்கு மேலேயே ஏறத்தாழ 2.7 கிலோமீட்டருக்கு மேம்பாலமும் வந்துவிட்டது. மார்த்தாண்ட வர்மா மகாராஜாவைப் பாடாய்ப் படுத்திய எட்டுவீட்டுப் பிள்ளைமாரில் ஒருவர் இந்தக் கழக்கூட்டத்துக்காரர். அவருடைய ஊரை இன்று யார் வேண்டுமானாலும் இரண்டே நிமிஷத்தில் தாண்டிப் போய்விடலாம், ஒரு சாயா கூடக் குடிக்காமல்.

நான் எண்பதுகளின் தொடக்கத்தில் நாகர்கோவிலிலிருந்து காரியவட்டம் பல்கலைக்கழக வளாகத்துக்கு முதுகலை படிக்க வந்தவன். படிக்க வந்தவன் என்பது வீட்டார் நினைப்பு. காப்பியின் தூதுவனாக அயல்நாட்டுக்கு அனுப்பப்பட்டவன் என்பது என் நினைப்பு. எங்கள் வீட்டில் விடிவது பித்தளை ஃபில்டரின் மூடியை அம்மா உள்ளங்கையால் தட்டுகிற ஓசையில்தான். முதல் டிக்காஷன் அப்பாவுக்கும் வந்தவர்களுக்கும், இரண்டாவது எங்களுக்கு, மூன்றாவதாகக் கொட்டிய வெந்நீர் நிறம் மட்டும் மாறி வேலைக்காரம்மாவுக்கு என்று அந்தச் சின்னப் பாத்திரத்துக்குள்ளேயே ஒரு சமூக அமைப்பு முழுதாக இறங்கிக்கொண்டிருந்ததை அந்த வயதில் நான் கவனித்ததில்லை. பின்கட்டில் பாட்டி, இந்த ஃபில்டர் ஆசாரத்தையெல்லாம் மதிக்காமல், மண்சட்டியில் கருப்பட்டியும் சுக்கும் தட்டிப்போட்டுக் கடுங்காப்பி காய்ச்சிக்கொண்டிருப்பாள். அதை நாங்கள் காப்பிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சாயா என்பதோ லாரிக்காரர்கள் குடிப்பது, கல்யாண வீட்டில் பந்தல்காரர்களுக்குக் கொடுப்பது, ஆஸ்பத்திரி வாசலில் வேறு வழியில்லாமல் வாங்குவது. இந்த ஏற்றத்தாழ்வு தமிழ்நாட்டில் எப்படி உண்டாயிற்று என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’யில் விரிவாக எழுதியிருக்கிறார். எனக்கு அப்போது அந்தப் புத்தகம் தேவைப்பட்டிருக்காது, அதில் வருகிற ஆசாமியாகவே நான் நடமாடிக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்டவன் வந்து சேர்ந்ததோ, காலையில் ‘காப்பி குடிச்சோ?’ என்று விசாரித்துவிட்டுப் புட்டும் கடலையும் சாயாவும் கொண்டுவந்து வைக்கிற ஊருக்கு. முதல் வாரத்திலேயே கழக்கூட்டம் ஜங்ஷனில் ஓலை வேய்ந்த ஒரு கடையில், நல்ல காப்பி கிடைக்குமா என்று, அந்த ‘நல்ல’வுக்கு நாகர்கோவில் அழுத்தம் முழுவதையும் கொடுத்துக் கேட்டேன். முண்டை மடித்துக் கட்டியிருந்த அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்து, “அப்பீ, நீ ஆத்யம் சாயா குடி” என்றார். விவாதம் அத்துடன் முடிந்தது.

அந்தக் கடையின் சமோவரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உங்கள் ஊரிலும் ஒன்று இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். நடுக்குழாயில் கரி கனன்றுகொண்டிருக்கும், சுற்றிலும் வெந்நீர், அடியில் ஒரு நாணயம் கிடந்து, தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் நின்றால் தண்ணீர் தீர்ந்தது, அல்லது கரி அணைந்தது. எதுவானாலும் அண்ணன் பேச்சை நிறுத்தி எழுந்து வருவார். பல மாதத்துச் சாயத்தில் ஊறிக் கறுத்துப்போன துணி அரிப்பைக் கையில் பிடித்து, தேயிலைத்தூள் மேல் வெந்நீரை விட்டு, பாலோடு கலந்து, ஒரு கை தலைக்கு மேலும் மறு கை இடுப்புக்குக் கீழுமாக அவர் ஆற்றுகையில் நடுவானில் ஒரு பழுப்பு நிறக் கயிறு தொங்கும். கண்ணாடி கிளாஸில் மேலே ஒரு விரல்கடை நுரை. கூட ஒரு பழம்பொரியோ, உழுந்து வடையோ, சுகியனோ. நான் முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் குடித்தேன். மறுநாளும் அதே சுளிப்போடு போனேன், அதற்கு மறுநாளும் போனேன். முகம் எப்போது நேரானது என்று எனக்கே தெரியாது.

அங்கே சாயா ஒரு சாக்கு. ஒரு பத்திரிகையைத் தாள் தாளாகப் பிரித்து நாலு பேர் படிப்பார்கள். தலையங்கம் கையிலிருப்பவர் விளையாட்டுப் பக்கத்தோடு பண்டமாற்று செய்துகொள்வார். சுவரில், இங்கே அரசியல் பேசக்கூடாது என்று மலையாளத்தில் எழுதிய பலகை தொங்கும். அதன் கீழேதான் நாட்டு அரசியலைப் பேசுவார்கள். பல நாட்களில் அந்தப் பேச்சைத் தொடங்கி வைப்பவரே, பலகையை மாட்டிய அண்ணன்தான். ஒரு சாயாவை இரண்டு கிளாஸில் பங்கிட்டுக் கேட்டாலும் அவர் சங்கடப்பட்டதில்லை. நாங்களும் அதை நாணமில்லாமல் மாலை முழுவதும் நீட்டுவோம். வீட்டில் குடித்த காப்பி உயர்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் அதைக் குடித்துக்கொண்டு அப்பாவோடு ஒருநாளாவது அரைமணி நேரம் பேசியிருக்கிறேனா என்றால் இல்லை. காப்பி மரியாதைக்குரிய பொருள். குடித்தவுடன் டம்ளரைக் கவிழ்த்துவிட்டு எழுந்துவிட வேண்டும்.

காப்பிப் பசி தாங்காத நாட்களில் பஸ் பிடித்துப் பட்டணத்து இந்தியன் காப்பி ஹவுஸுக்குப் போவோம். விசிறி மடிப்புத் தலைப்பாகை வைத்த பரிசாரகர், வெள்ளைப் பீங்கானில் காப்பியும் பீட்ரூட் சிவப்பில் கட்லெட்டும் கொண்டுவந்து வைப்பார். காப்பி போர்டு நடத்திய கடைகள் ஐம்பதுகளில் மூடப்பட்டு வேலை போன தொழிலாளர்களை ஏ.கே. கோபாலன் கூட்டுறவாகத் திரட்ட, கேரளத்தின் முதல் கடை 1958-இல் திருச்சூரில் திறந்தது என்பதை அங்கேதான் கேட்டறிந்தேன். என் காப்பிப் பெருமைக்கு விழுந்த முதல் அடி அது. எங்கள் வீட்டு நடுக்கூடத்துப் பானம், இங்கே கம்யூனிஸ்ட்டுகளின் கைங்கரியம்! பிற்பாடு தம்பானூரில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய செங்கல் சுருள் கட்டடத்தில் உட்கார்ந்து குடித்தபோது, சாய்ந்தபடியே ஏறிப்போகிற தரையைப் பார்த்துக்கொண்டு, காப்பிக்கு இதைவிட நிலையான இடம் உலகத்தில் இல்லை என்றும் நினைத்திருக்கிறேன்.

உண்மையில் காப்பி, தேயிலை இரண்டும் நம் ஆட்கள் மேல் ஏறித்தான் வந்தன. இலங்கை மலைகளுக்கு முதலில் நம்மவர் போனது காப்பித் தோட்டத்துக்கு. பழம் பறிக்கிற பருவத்துக்குப் போய்த் திரும்பிவிடுவார்கள். 1869-இல் இலைத்துரு நோய் தலைகாட்டி, அடுத்த சில பத்தாண்டுகளில் காப்பியை அழித்த பிறகு அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. அதற்கு வருஷம் முழுக்க ஆள் வேண்டும் என்பதால், போனவர்கள் குடும்பத்தோடு அங்கேயே தங்கவேண்டியதாயிற்று. இவ்வளவு தூரம் போவானேன், திருவனந்தபுரம் ஜில்லாவிலேயே, அகஸ்தியகூடத்தின் அடிவாரத்தில் போணக்காடு இருக்கிறது. தோட்டம் நொடித்து, ஆலை மூடி, கவாத்து செய்ய ஆளில்லாத தேயிலைச் செடிகள் தங்கள் இஷ்டத்துக்கு மரமாகிவிட்டன. அங்குள்ள பாழடைந்த பங்களாவில் ஆவி உலவுகிறதாம். டெக்னோபார்க் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் பைக்கில் போய்ப் படமெடுத்து வருகிறார்கள். கொழுந்து பறித்த கிழவிகள் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள், அவர்களை யாரும் படமெடுப்பதாகத் தெரியவில்லை.

டெக்னோபார்க் என்றேன் அல்லவா? எங்கள் வளாகத்தை ஒட்டி வைத்யன் குன்று என்று ஒரு மேடு இருந்தது. 1990-இல், நாயனார் முதல்வராயிருந்தபோது, பல்கலைக்கழக நிலத்திலிருந்து ஐம்பது ஏக்கர் போல எடுத்து அங்கேதான் அந்த மென்பொருள் பூங்காவைத் தொடங்கினார்கள். கட்டடங்களுக்குப் பம்பா, பெரியாறு, நிளா என்று ஆறுகளின் பெயர்கள். வைத்தியர் இருந்த குன்றில் இப்போது ஆயிரக்கணக்கான பேருக்குக் கழுத்துவலி. மாடிக்கு மாடி இயந்திரம். ஒரு பொத்தானை அழுத்தினால் சாயா, இன்னொன்றை அழுத்தினால் காப்பி. அப்படி ஓர் இயந்திரத்தில் இரண்டையும் அழுத்திக் குடித்துப் பார்த்தேன். தலைமுறை தலைமுறையாக நடந்த காப்பி–சாயாச் சண்டையை அது தீர்த்துவைத்திருக்கிறது, இரண்டும் ஒரே ருசி. அண்ணனின் ஓலைக்கடை இருந்த இடத்தைச் சாலை எடுத்துக்கொண்டது. பக்கத்துக் கண்ணாடி மாளிகையில் கட்டன் சாயாவை ‘பிளாக் டீ’ என்று ஒரு சிறு மரத்தட்டில் வைத்துக் கொடுக்கிறார்கள். அந்த விலைக்கு அண்ணன் ஒரு மாதத்துக் கணக்கை நேர்செய்திருப்பார்.

நம் நாட்டில் விளைகிற தேயிலையில் ஐந்தில் நான்கு பங்கை நாமே குடித்துத் தீர்க்கிறோம். காப்பியில் பெரும்பகுதி கப்பலேறிவிடுகிறது. மிஞ்சுவதில் கணிசமானதை என் மகள் வாங்கிவிடுகிறாள் என்று நினைக்கிறேன். அவளுக்கு அந்த ஆற்றுப்பெயர்க் கட்டடங்களில் ஒன்றில் வேலை. நானும் ஓய்வுக்குப் பிறகு அவளோடு கழக்கூட்டத்திலேயே இருக்கிறேன். சிக்மகளூர்க் கொட்டை வருகிறது, வறுத்த தேதி அச்சிட்ட பையில். அதைத் தராசில் பதினைந்து கிராம் நிறுத்து, கையால் அரைத்து, 93 டிகிரி வெந்நீரை நாரை மூக்குக் கெண்டியால் சொட்டுச் சொட்டாக விட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறாள். பால் இல்லை, சீனி இல்லை. சிக்கரி என்று நான் ஒருமுறை உச்சரித்ததற்கு அவள் பார்த்த பார்வை, நான் இருபது வயதில் இதே ஊரில் சாயாவைப் பார்த்த பார்வையேதான். “அப்பா, ஆரஞ்சு வாசம் தெரியுதா?” என்று கேட்பாள். தெரிகிறது என்பேன். உள்ளபடி தெரிவது பாட்டியின் கடுங்காப்பி, கருப்பட்டி மட்டும் இல்லாமல். அதைச் சொன்னால் பாட்டிக்கு மதிப்புக் கூடுமா, கொட்டைக்கு மதிப்புக் குறையுமா என்று தீர்மானிக்க முடியாததால் சொல்வதில்லை.

நாலு மணிக்கு, நடந்துவிட்டு வருகிறேன் என்று லிஃப்டில் இறங்கி மேம்பாலத்தடித் தட்டுக்கடைக்குப் போகிறேன். ஆற்றுகிறவன் அசாம்காரப் பையன், தேயிலையோடேயே பிறந்தவன். மலையாளம் என்னைவிட நன்றாகப் பேசுகிறான், கயிறுதான் அண்ணனுடையதில் பாதி நீளம். பெஞ்சு கிடையாது, நின்றுகொண்டே குடிக்கவேண்டும். எல்லாரும் அவரவர் கைபேசியிலேயே அரசியல் பேசிவிடுவதால் பலகைக்கும் அவசியமில்லை. காசு வந்து விழுந்ததும் ஒரு சின்னப் பெட்டி, இன்ன தொகை கிடைத்தது என்று ஊர் கேட்க அறிவிக்கிறது. மருத்துவர் எனக்குச் சீனியை விலக்கியிருக்கிறார். என் வங்கிக் கணக்கின் குறுஞ்செய்திகளோ மகளின் எண்ணுக்கும் போகின்றன. எனவே நான் ரொக்கமாகவே கொடுத்துவிடுகிறேன். பையனிடம் மீதிக்குச் சில்லறை இல்லாத நாட்களில் ஒரு பழம்பொரியை எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். அவனிடம் பெரும்பாலும் சில்லறை இருப்பதில்லை.