குதிரைக்கு ஓர் உயில்

கேள்வி: வாயில்லா ஜீவன்களுக்காக யாராவது சொத்தை எழுதி வைப்பார்களா?

பதில்: எழுதி வைத்தார் ஒரு புண்ணியவான்! இங்கிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் ஸ்பிரிங் மெத்தை செய்து பணக்காரரான ஜார்ஜ் பில்ஸ். தூங்குகிறவர்களிடம் சம்பாதித்ததை, ஓயாமல் உழைத்த குதிரைகளுக்குக் கொடுத்தார். குழந்தைகள் இல்லை, மனைவி ஆனிஸ் முன்பே போய்விட்டார். 1927-ல் பில்ஸும் மறைந்தபின், அவருடைய அறக்கட்டளை சாலையோரங்களில் சுமார் 700 தண்ணீர்த் தொட்டிகளை வைத்தது.

அப்போது கார்கள் வந்துவிட்டன. ஆனாலும் பால் வண்டியையும் ரொட்டி வண்டியையும் இழுத்தது குதிரைதான். வெயிலில் அதன் தாகத்தை யார் நினைத்தார்கள்? கான்கிரீட் தொட்டி, குதிரை குடிக்கக் குடிக்கத் தானே நிரம்ப உள்ளே மிதவை வால்வு. சில இடங்களில் நாய்களுக்கென்று தாழ்வாக இன்னொரு சின்னத் தொட்டி! அதை யோசித்த மனசுக்கு ஒரு கும்பிடு. பெயர்தான் பில்ஸ், தண்ணீர் குடித்த எந்தக் குதிரைக்கும் பில் போனதில்லை.

இன்று பல தொட்டிகளில் பூச்செடி வளர்கிறது. மெல்போர்ன் பக்கம் போனால் அந்த நீளத் தொட்டிகளின் முகப்பைப் பாருங்கள். ஆனிஸ், ஜார்ஜ் இருவர் பெயரும் சேர்ந்தே இருக்கும்.